செத்துச் செத்து விளையாடுவோம்... 'சோல்ஸ்' வகை கேம்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்குகிறீர்கள். குகையைவிட்டு வெளியே வந்து, 'ஆஹா, என்ன ஒரு கிராஃபிக்ஸ்' என்று நாலடி எடுத்து வைத்தால், தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் எதிரே நிற்கிறான். ஒரே வெட்டு. திரை இருண்டு, நீங்கள் செத்துவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வருகிறது. திரும்ப வந்தாலும் அதே வெட்டு, அதே எழுத்து. கேம் ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

இதுதான் 'எல்டன் ரிங்'. 2022 பிப்ரவரியில் வெளியான இந்த கேம் இதுவரை 3 கோடி பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் தட்டிச் சென்றது. 'காசையும் கொடுத்து அடியும் வாங்கணுமா பாஸ்?' என்று கேட்பவர்களுக்கு, 'ஆமா, அதுல ஒரு சுகம் இருக்கு' என்று பதில் சொல்ல உலகம் முழுக்க கோடிக்கணக்கானவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

'சோல்ஸ்லைக்' என்று கேமர்கள் அழைக்கும் இந்த வகை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னக் கூட்டத்தின் ரகசிய ரசனை. இன்றைக்கு ஜப்பான், தென்கொரியா, சீனா என்று ஆசிய ஸ்டூடியோக்கள் உலகச் சந்தையை அதிரவைக்கும் முக்கியமான ஏரியா. கூடவே சண்டையும் வளர்ந்திருக்கிறது. 'இவ்வளவு கஷ்டம் தேவையா? ஈஸி மோடு கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?' என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய ரிலீஸுக்கும் வெடிக்கிறது. 2025-ல் மட்டும் மூன்று முறை வெடித்தது.

ஓரங்கட்டப்பட்ட கேம் தந்த தொடக்கம்

கதை தொடங்குவது டோக்கியோவில். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 'டீமன்ஸ் சோல்ஸ்' என்றொரு புராஜெக்ட் உருப்படாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஐ.டி வேலையை விட்டுவிட்டு, 29 வயதில் தாமதமாக கேம் துறைக்குள் வந்த ஹிடேடாகா மியாசாகி அதைக் கையில் எடுத்தார். எப்படியும் ஊத்திக்கொள்ளும் என்று எல்லோரும் நினைத்த புராஜெக்ட் என்பதால், தன் இஷ்டத்துக்கு மாற்றினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த சுதந்திரம்.

2009-ல் ஜப்பானில் வெளியானபோது விற்பனை மந்தம். சோனியின் முக்கிய நிர்வாகியாக இருந்த ஷுஹே யோஷிடா, ரெண்டு மணி நேரம் ஆடியும் ஆரம்பக் கட்டத்தையே தாண்ட முடியாமல் வெறுத்துப்போனதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மேற்கு நாடுகளில் அந்த கேமை சோனி வெளியிடவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனம்தான் எடுத்து வெளியிட்டது. வாய்வழியாகவே பரவி ஹிட்டானது.

அப்புறம் 2011-ல் 'டார்க் சோல்ஸ்', 2015-ல் 'பிளட்போர்ன்', 2019-ல் 'செகிரோ', 2022-ல் 'எல்டன் ரிங்' என வரிசை கட்டி அடித்தார்கள். 'எல்டன் ரிங்' உலகின் பழங்கதையை எழுதியவர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின். புராஜெக்ட்டைக் காப்பாற்ற வந்த மியாசாகி, 2014-ல் அந்த நிறுவனத்தின் தலைவரே ஆகிவிட்டார்.

தோல்விக்கு ஓர் இலக்கணம்

கஷ்டமான கேம்கள் புதிதல்ல. டி.வி-யில் கேசட் செருகி 'கான்ட்ரா' ஆடிய தலைமுறைக்கு மூன்று லைஃபில் எல்லாம் முடிந்துபோகும் வலி தெரியும். மியாசாகி செய்தது வேறு. தோற்பதற்கே ஒரு முறையான இலக்கணம் எழுதினார்.

எதிரியைக் கொன்றால் 'சோல்' கிடைக்கும். அதுதான் காசு, அதுதான் அனுபவப் புள்ளி. செத்துப்போனால் கையிலிருந்த மொத்தமும் செத்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்ப அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் காலி. ஓய்வெடுக்க ஆங்காங்கே தீ மூட்டிய இடங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், மருந்து நிரம்பும். கூடவே, நீங்கள் கொன்ற எதிரிகளும் எழுந்து வந்து நிற்பார்கள்.

ஓங்கி அடித்தாலும், ஓடினாலும், உருண்டு தப்பித்தாலும் ஸ்டாமினா குறையும். பதற்றத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால், சரியாகத் தப்பிக்கவேண்டிய நொடியில் உங்கள் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். எதிரி ஒவ்வொரு அடிக்கும் முன்பு ஏதோ ஒரு அறிகுறி காட்டுவான். தோள் உயரும், கத்தி பின்னால் போகும், ஒரு கணம் நிற்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பிழைக்கலாம். முதல் முறை பாஸிடம் பத்து நொடியில் சாகிறீர்கள். பத்தாவது முறை ஒரு நிமிடம் தாங்குகிறீர்கள். முப்பதாவது முறை அவன் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்குகிறது. இவ்வளவு நேரத்தில் உங்கள் ஆளின் பலம் ஒரு புள்ளிகூட ஏறியிருக்காது. கற்றுக்கொண்டது நீங்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பெரும்பாலான கேம்களில் வளர்வது திரையில் இருக்கும் கதாபாத்திரம். இதில் வளர்வது சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஆள். அதனால்தான் ஜெயிக்கும்போது வரும் சந்தோஷத்துக்கு ஒரு தனி ருசி. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நடுராத்திரியில் கத்தி வீட்டில் திட்டும் விழும்.

அமெரிக்க ஸ்ட்ரீமர் கை செனாட் 2024-ல் 'எல்டன் ரிங்'கை நேரலையில் ஆடி முடித்தார். 160 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. 1,700 தடவைக்கு மேல் செத்தார். லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் ஜெயிப்பதைப் பார்க்க மட்டும் அந்தக் கூட்டம் வரவில்லை. ஒரு மனுஷன் தோற்று, கோபப்பட்டு, நொந்து, திரும்ப எழுவதைப் பார்க்கவும்தான் வந்தது.

தோல்வியை விற்காத கேம்

இந்த வகை இப்போது இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம் என்ன? என் கணிப்பில், பதில் நம் எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கும் போனில் இருக்கிறது.

இலவச மொபைல் கேம்களில் தோல்வி என்பது ஒரு கடை. 'கேண்டி க்ரஷ்'ஷில் ஐந்து லைஃப் தீர்ந்தால், அடுத்த லைஃபுக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையா, காசு கட்டுங்கள். வேறு பல கேம்களில் விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர், பேக் வாங்கினால் பத்து உயிர். உங்களுக்கு எரிச்சல் வரவேண்டும், ஆனால் கேமை விட்டுப் போய்விடவும் கூடாது. அந்த அளவு பார்த்துத்தான் கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அங்கே கஷ்டம் என்பது பில் கவுன்ட்டருக்குப் போகும் வழி.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. தோற்றவர்கள், 'அடுத்த ஆட்டத்தில் எடுத்துடலாம்' என்று குடும்பக் காசையே இறைத்த கதைகள் நம் ஊரில் ஏராளம். அவற்றைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் 'டார்க் சோல்ஸ்', 'எல்டன் ரிங்' போன்றவற்றைப் பாருங்கள். ஒரு முறை காசு கொடுத்து வாங்கியதோடு சரி. பாஸிடம் நூறு முறை தோற்றாலும், '99 ரூபாய் கட்டினால் பலமான கத்தி தருகிறோம்' என்று யாரும் நடுவில் வந்து நிற்பதில்லை. கோடீஸ்வரனும் கல்லூரி மாணவனும் அதே பாஸிடம் அதே அடியைத்தான் வாங்குகிறார்கள். காசைக் கொட்டித் தாண்ட முடியாத சுவர் ஒன்று கேம் உலகத்தில் மிச்சமிருப்பதே இன்றைக்கு ஒரு ஆறுதல்.

இன்னொன்றும் உண்டு. இந்த கேம்கள் பார்ப்பதற்குத் தனிமையாகத் தெரிந்தாலும், உள்ளே ஒரு விசித்திரமான சமூகம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆட்கள் தரையில் குறிப்பு எழுதிவைத்துப் போவார்கள். 'முன்னால் பொறி இருக்கு' என்று ஒருவர் காப்பாற்றுவார். 'குதி, கீழே புதையல்' என்று இன்னொருவர் ஏமாற்றிக் கொல்வார். வேறு யாரோ செத்த இடத்தில் ரத்தக்கறை தெரியும். தொட்டால் அவர் எப்படிச் செத்தார் என்று பார்க்கலாம். பனி கொட்டிய மலைச்சாலையில் முன்பின் தெரியாத கார்க்காரர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு மேடேறிய அனுபவத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்ததாக மியாசாகி சொல்லியிருக்கிறார்.

'எல்டன் ரிங்'கில் மலேனியா என்றொரு பாஸ். அவள் அடி நம்மேல் பட்டாலே அவள் உயிர் ஏறும். அவளிடம் சிக்கித் தவித்தவர்களுக்கு உதவ, தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு துணி, கையில் ரெண்டு கத்தியோடு ஒரு ரசிகர் தினமும் போய் நின்றார். 'நீ ஓரமா நில்லு, நான் பார்த்துக்கிறேன்' என்று தனியாளாக அவளை முடித்துக்கொடுத்தார். கேம் கம்பெனியே அவருக்கு நிஜ வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது.

டோக்கியோவிலிருந்து ஹாங்சோ வரை

ஒரு ஸ்டூடியோவின் ஸ்டைல் இன்று பல நாடுகளின் தொழிலாகிவிட்டது. தென்கொரியாவின் நியோவிஸ் 2023-ல் 'லைஸ் ஆஃப் பி' கொண்டுவந்தது. குழந்தைகள் கதையான பினோக்கியோவை எடுத்து, ரத்தமும் இயந்திர பொம்மைகளுமாக மாற்றினார்கள்.

2024 ஆகஸ்ட் 20 அன்று சீனாவின் கேம் சயின்ஸ் 'பிளாக் மித்: வூகாங்'கை வெளியிட்டது. குரங்கு அரசன் கதை. மூன்றே நாளில் 1 கோடி பிரதிகள் விற்றன. ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் ஆடினார்கள். கேமில் வரும் பழைமையான கோயில்கள் பல, சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் நிஜமாகவே இருப்பவை. கேம் ஆடியவர்கள் அந்தக் கோயில்களைத் தேடிச் சுற்றுலா போகத் தொடங்கினார்கள். 'வூகாங்'கிலும் ஈஸி மோடு கிடையாது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கஷ்டமான கேம் என்றால் கொஞ்சம் பேர்தான் வாங்குவார்கள் என்ற பழைய வியாபாரக் கணக்கு, அந்த மூன்று நாளில் பொய்யாகிவிட்டது.

ஈஸி மோடு சண்டை

கூட்டம் சேர்ந்தால் சண்டையும் சேரும்தானே? 2019-ல் 'செகிரோ' வந்தபோதே இது ஆரம்பித்தது. மற்ற கேம்களில் துணைக்கு ஆள் கூப்பிடலாம், லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம். 'செகிரோ'வில் துணைக்கு ஆளே கிடையாது, பலம் ஏற்றுவதற்கும் அளவு உண்டு. கத்தியோடு கத்தி மோதும் நொடியைப் பிடித்தால் பிழைப்பீர்கள், இல்லாவிட்டால் சாவீர்கள். கடைசி பாஸை சீட் போட்டு முடித்ததாக ஒரு கேம் பத்திரிகையாளர் எழுதியதற்கு, இணையமே அவர்மேல் பாய்ந்தது.

2024 ஜூனில் 'எல்டன் ரிங்'கின் 'ஷேடோ ஆஃப் த எர்ட்ட்ரீ' வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஸ்டீமில் ரசிகர்களோ 'ரொம்ப ஓவரா இருக்கு' என்று கடுப்பைக் கொட்ட, ஆரம்ப ரேட்டிங் கலவையாக இறங்கியது. புதிய உலகில் கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்துப் பலம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி நினைவூட்டியது. அடுத்த சில நாள்களில், அந்தப் பலம் ஆரம்பத்திலேயே கூடுதலாகக் கிடைக்கும்படி அப்டேட்டும் விட்டது.

2025 மே மாதம் 'எல்டன் ரிங்: நைட்ரெய்ன்'. மூன்று பேர் சேர்ந்து ஆடுவதற்காகச் செய்த கேம் என்பதால் தனியாக ஆடியவர்கள் நொந்துபோனார்கள். உடனே ஒரு அப்டேட். தனியாக ஆடுபவருக்கு, இரவின் பாஸ் சண்டையில் ஒரு முறை உயிர்த்தெழும் வாய்ப்பு கிடைத்தது. அடுத்த மாதம் 'லைஸ் ஆஃப் பி'யின் 'ஓவர்ச்சர்' பாகம் வந்தபோது, நியோவிஸ் ஒரு படி தாண்டியது. கேமுக்குள் மூன்று கஷ்ட நிலைகளைக் கொண்டுவந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றது.

செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, 'ஹாலோ நைட்: சில்க்சாங்'கை வெளியிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்த 2டி கேம். ரோல் பிளேயிங் கேம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடி அதே ரகம்தான். வாங்கக் குவிந்த கூட்டத்தில் ஸ்டீம் உள்ளிட்ட கடைகளே திணறின. ரெண்டே நாளில், 'சாதாரண எதிரி தொட்டாலே இவ்வளவு உயிர் போகுதே, உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் காசு கேக்குறாங்களே' என்று புலம்பல். முதல் அப்டேட்டிலேயே ஆரம்பக் கட்ட பாஸ்கள் இரண்டின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்கும், 'ஏன் குறைச்சீங்க?' என்று இன்னொரு கூட்டம் சண்டைக்கு வந்தது!

யார் பக்கம் நியாயம்?

கஷ்டத்தைக் குறைத்தால் இன்னும் நிறைய பேர் ஆடுவார்கள், ஆனால் போராடி ஜெயிக்கும் அந்த உணர்வே போய்விடும் என்பது மியாசாகியின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 'எப்ப வேணும்னாலும் ஈஸி மோடுக்கு மாத்திக்கலாம்' என்ற பட்டன் கண்முன்னே இருந்தால், இருபதாவது தோல்வியில் நம்மில் பலரும் அதை அமுக்கிவிடுவோம். முப்பதாவது முயற்சியில் கிடைத்திருக்கும் சந்தோஷம் நமக்குத் தெரியாமலே போகும்.

தவிர, இந்த கேம்களில் ஈஸி மோடு இல்லவே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. 'எல்டன் ரிங்'கில் ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், தூரத்தில் நின்று மந்திரம் வீசலாம், வேறு திசையில் சுற்றி லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம். அந்தத் தங்கக் குதிரைவீரனை முதலில் விட்டுவிட்டு ஓடுவதுதான் புத்திசாலித்தனம் என்று கேமே மறைமுகமாகக் கற்றுக்கொடுக்கிறது. மெனுவில் இருக்கும் பட்டனுக்குப் பதில், உலகம் முழுக்க ஈஸி மோடைத் தூவி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வாதம் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. கைவிரல்களை வேகமாக அசைக்க முடியாதவர், ஒரே கையால் ஆடுபவர், பார்வைக் குறைபாடு உள்ளவர், வயதால் நிதானம் கூடியவர்... இவர்களுக்கு முன்னால் இருப்பது வேறு சுவர். நமக்கு முப்பது முயற்சியில் திறக்கும் கதவு, அவர்களுக்கு மூவாயிரம் முயற்சியிலும் திறக்காமல் போகலாம். 'பிராக்டிஸ் பண்ணு, வரும்' என்று அவர்களிடம் சொல்வது அறிவுரை இல்லை, அலட்சியம்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2018-ல் வந்த 'செலஸ்ட்' பயங்கரக் கஷ்டமான கேம். ஆனால் கேமின் வேகத்தைக் குறைக்கும் உதவி மோடு அதில் உண்டு. 'இந்த கேம் கஷ்டமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தோம். உங்களுக்குத் தேவையென்றால் இதைப் பயன்படுத்துங்கள்' என்ற தொனியில் மரியாதையாகச் சொல்லி, ஆடுபவர் கையில் விட்டுவிட்டார்கள். 2020-ல் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2', மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து 60-க்கும் மேற்பட்ட செட்டிங்குகளைக் கொடுத்தது. 2024-ல் 'அனதர் க்ராப்ஸ் ட்ரெஷர்' என்ற சோல்ஸ் வகை கேம் இன்னும் குசும்பு. ரொம்ப முடியவில்லை என்றால், ஹீரோவான நண்டு கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடும் ஆப்ஷன் அதில் இருக்கிறது!

இவை வந்ததால் 'செலஸ்ட்' முடித்தவர்களின் பெருமை ஒரு துளியாவது குறைந்ததா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட்டில் ஏறினார் என்பதற்காக, நாம் ஏறிய படிக்கட்டு சின்னதாகிவிடாது. உண்மையில் பல ரசிகர்கள் காக்க நினைப்பது கேமை அல்ல, 'நான் முடிச்சிட்டேன், நீ முடிக்கலை' என்ற கெத்தை. மியாசாகியின் கவலைக்கும் இந்தக் கெத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு படைப்பாளி தன் கேமை எவ்வளவு கஷ்டமாக வேண்டுமானாலும் வடிவமைக்கட்டும். அதற்குள் நுழைய உடம்பே தடையாக இருப்பவருக்கு ஒரு சாய்தளம் போடுவது அந்த வடிவத்தைக் கெடுக்காது. 'லைஸ் ஆஃப் பி' அதைச் செய்தது, வானம் ஒன்றும் இடிந்துவிழவில்லை.

முதல்முறை இறங்கப் போறீங்களா?

* நேராக 'செகிரோ'வில் குதிக்காதீர்கள். 'எல்டன் ரிங்' நல்ல தொடக்கம். முடியாத பாஸை விட்டுவிட்டு வேறு பக்கம் போகும் சுதந்திரம் அதில்தான் அதிகம்.

* கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'எல்டன் ரிங்'குக்குக் குறைந்தது 12 ஜி.பி ரேம், 60 ஜி.பி இடம் தேவை. சாதாரண ஆபீஸ் லேப்டாப்பில் ஓடாது.

* 'லைஸ் ஆஃப் பி'க்கு இலவச டெமோ உண்டு. ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். இந்த வகை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

* துணைக்கு ஆள் கூப்பிடுவதும் மந்திரம் பயன்படுத்துவதும் 'சீட்டிங்' இல்லை. கேம் கொடுத்த ஆயுதம்தான். யார் கிண்டல் செய்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

* ஒரே பாஸிடம் ஒரு மணி நேரமாகத் தோற்றுக்கொண்டிருந்தால் மெஷினை ஆஃப் செய்துவிட்டுத் தூங்குங்கள். கோபத்தில் ஆடினால் அறிகுறியைக் கவனிக்க மாட்டீர்கள், பட்டனைத்தான் தட்டுவீர்கள். மறுநாள் காலையில் முதல் முயற்சியிலேயே ஜெயித்தவர்கள் நிறைய பேர்.

கடைசியாக ஒன்று. ரெண்டு வாரம் முயன்றும் பிடிக்கவில்லையா, அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை. ஆபீஸ், டிராஃபிக், இ.எம்.ஐ என்று ஏற்கெனவே போதுமான பாஸ்களிடம் தினமும் அடி வாங்கிக்கொண்டுதானே இருக்கிறோம். இந்த ஒரு பாஸிடமாவது, அடி வாங்கலாமா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.